வேகமும் பிரேக்கும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பதற்கு நீண்ட பட்டியல்கள் உண்டு. அதே வண்டி எவ்வளவு தூரத்தில் நின்றது என்று தேடப் புகுந்தால் விவரம் எளிதில் அகப்படுவதில்லை. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகமும் சரித்திரமும் கற்பித்தவன். இவ்விரு பாடங்களும் கைகோத்துக் கொள்ளும் இடங்கள் சில உண்டு. பிரேக்கின் கதை அவற்றுள் ஒன்று. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பிரேக் ஏன் தளர்ந்தது என்ற சிறிய கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குச் சரியான விடை காண மனிதருக்கு ஏன் ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதை மாணவர்களாகிய உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மண்டபத்தில் மோட்டார் கண்காட்சி ஒன்று நடந்தது. போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கும் பங்கீடு, ரொட்டிக்கும் அண்மைக்காலம் வரை பங்கீடு. அந்த வறட்சியின் நடுவே ஜாகுவார் கம்பெனியார் எக்ஸ்கே120 என்ற தாழ்ந்த, நீண்ட, வளைவுகள் நிறைந்த ஸ்போர்ட்ஸ் காரை மேடையேற்றினர். 120 என்பது அது மணிக்கு ஓடவல்ல மைல்களின் எண்ணிக்கை. அதை நம்பாதவர் பலர். ஆகவே 1949 மே மாதத்தில் பெல்ஜியத்தில் யாபெக் என்னும் ஊரருகே உள்ள நேர்சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். சிறிது மாற்றியமைத்த வண்டி 132.6 மைல் வேகத்தைத் தொட்டது. சொன்னதற்கு மேலேயே செய்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன.

அந்த வண்டியின் பிரேக்கும் ஏட்டளவில் குறையுடையதன்று. நான்கு சக்கரங்களிலும் 12 அங்குல விட்டமுள்ள இரும்பு டிரம்கள். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு. அக்காலத்தில் இதைவிடச் சிறந்தது சந்தையில் மிகுதியாக இல்லை. ஆயினும் வண்டியை மலைப்பாதையிலும் பந்தயத்திலும் ஓட்டியவர்கள் ஒரே குறையைச் சொன்னார்கள். முதல் இரண்டு மூன்று முறை பிரேக் நன்றாகப் பிடிக்கும். பிறகு பெடல் கீழே கீழே இறங்கும். இருமடங்கு பலத்துடன் மிதித்தாலும் வண்டி நிற்க மனமில்லாதது போல் போய்க்கொண்டிருக்கும். கருகிய நாற்றம் ஒன்று மூக்கைத் துளைக்கும். சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலோ, ஒன்றுமே நடவாதது போல் பிரேக் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆங்கிலேயர் இதை ‘ஃபேட்’ என்பர். வாடிப்போதல் என்று பொருள். நாம் வாட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வாட்டம் எங்கிருந்து வருகிறது? பிரேக் என்றால் வண்டியை நிறுத்தும் கருவி என்று சொல்லிவிடுகிறோம். பௌதிக ஆசிரியன் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. ஓடும் வண்டியிடம் உள்ள ஆற்றல் எங்கும் மறைந்துபோவதில்லை; வெப்பமாகிறது. எக்ஸ்கே120 ஏறக்குறைய 1,300 கிலோகிராம் எடையுள்ளது. மணிக்கு 120 மைல் வேகத்தில் ஓடும்போது அதனிடமுள்ள ஆற்றல் சுமார் 18 லட்சம் ஜூல். ஒருமுறை முழுவதுமாக நிறுத்தினால் அவ்வளவும் பிரேக்கினுள் வெப்பமாகப் புகும். நம்மூர்க் குழாயில் 30 பாகைச் சூட்டில் வரும் தண்ணீரில் 6 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். அதுவும் அடுப்பில் காய்வது போல் மெல்ல அன்று, சில விநாடிகளுக்குள். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளின் வேகம் படிப்படியாக ஏறிய அதே காலத்தில் பிரேக்கின் சுமை தாவித் தாவி ஏறியது.

இப்போது சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். குதிரை வண்டிக்காரர்கள் சக்கரத்தின் விளிம்பில் ஒரு மரக்கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்தினர். காற்றடைத்த ரப்பர் டயர் வந்தவுடன் அந்த முறை உதவாமற் போயிற்று. கட்டை உராய்ந்தால் ரப்பர் கிழியும். ஆகவே உராய்வுக்கென்று தனி உறுப்பு வேண்டியதாயிற்று. 1902ஆம் ஆண்டில் இதற்கு இரண்டு விடைகள் தோன்றின. பிரான்ஸில் லூயி ரெனோ, சக்கரத்தோடு சுழலும் ஒரு குடத்தின் உள்ளே வளைந்த கட்டைகளை விரித்து அழுத்தும் முறையைக் கண்டார். அதுவே டிரம் பிரேக். அந்த வளைந்த கட்டைகளே பிரேக் ஷூக்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிரெடெரிக் லாங்கெஸ்டர், சுழலும் ஒரு தட்டை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அது டிஸ்க் பிரேக். உங்கள் சைக்கிளின் ரிம்மை இரண்டு ரப்பர் கட்டைகள் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் லாங்கெஸ்டரின் கருத்து விளங்கிவிடும்.

இரண்டில் எது வென்றது என்பது உங்களுக்குத் தெரியும். லாங்கெஸ்டரிடம் தட்டைப் பிடிக்கத் தகுந்த பொருள் இல்லை. செம்பைப் பயன்படுத்தினார், உலோகத்தின் மேல் உலோகம் உராய்ந்து காதைப் பிளக்கும் கிறீச்சொலி எழுப்பிற்று. அக்காலச் சாலைகளோ புழுதியும் சேறும் நிறைந்தவை. திறந்த தட்டில் அவை ஒட்டிக்கொள்ளும். மூடிய குடத்தினுள் அவ்வளவாகப் புகா. டிரம் வென்றதற்குக் காரணம் அது மூடியிருந்ததே. இந்த ஒரு செய்தியை மறந்துவிடாதீர்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே மூடிதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறது.

உராய்வுப் பொருளின் கதை தனிக்கதை. டெர்பிஷயர் மலைநாட்டில் சேப்பல்-என்-லெ-ஃபிரித் என்னும் சிற்றூரில் ஹெர்பர்ட் ஃபிரூட் என்பவர் வாழ்ந்தார். சரிவில் இறங்கும் வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ்களைச் செருகி ஓட்டுவதைக் கண்டுதான் அவருக்கு இந்தச் சிந்தனை எழுந்தது என்று சொல்வார்கள். 1897இல் தொழில் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி, ஓரெழுத்தையும் கூட்டி, ஃபெரோடோ என்று சரக்குக்குப் பெயரிட்டார். முதலில் பருத்தித் துணி போன்றவற்றைப் பிசினில் ஊறவைத்துப் பார்த்தார். சூட்டில் அவை கருகின. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸை எடுத்துக்கொண்டார். அது எரியாது. பிரேக் லைனிங் என்றால் கல்நார் என்று உலகம் பல பத்தாண்டுகள் நம்பியிருந்ததற்கு அதுவே தொடக்கம். அந்த நம்பிக்கைக்கு மனிதர் கொடுத்த விலையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மிதிப்பவனின் காலிலிருந்து சக்கரம் வரை பலத்தைக் கொண்டுபோவது அடுத்த சிக்கல். தொடக்கத்தில் கம்பிகளும் தண்டுகளுமே அதைச் செய்தன. கம்பி நீளும், ஒரு சக்கரத்தில் இறுக்கமாகவும் மற்றொன்றில் தளர்வாகவும் இருக்கும், வண்டி ஒருபக்கம் இழுக்கும். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் காட்டியிருந்தார். அதை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தி 1917இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் அமெரிக்கரான மால்கம் லாகீட். பின்னாளில் லாக்ஹீட் என்று எழுத்து மாறியது அக்குடும்பத்தின் பெயரே. ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த திரவம் நெடுங்காலம் இத்தகைய பிரேக்குகளில் ஓடிற்று என்பதைக் கேட்டால் உங்கள் பாட்டிமார் வியப்படைவார்கள். 1921இல் பிரான்ஸின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பூட்டிய டூசென்பெர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்பி வென்றார். இதைக் கண்ட பின்னும் ஏத்தோரே புகாட்டி போன்ற மேதைகள் இசையவில்லை. அவருடைய பெயர்பெற்ற 57ஆம் வகை வண்டிக்குத் திரவ பிரேக் வந்தது 1938இல்தான். பேரறிஞருக்கும் பிடிவாதம் உண்டு.

இவ்வாறு எக்ஸ்கே120 பிறந்தபோது பலத்தைச் செலுத்தும் சிக்கல் தீர்ந்திருந்தது. எரியாத லைனிங்கும் கிடைத்திருந்தது. பிறகும் பிரேக் தளர்ந்தது ஏன்?

பிரேக் தளர்ச்சி என்பது ஒரே நோயன்று. காய்ச்சல் என்ற ஒரு சொல்லில் வைத்தியர் பல நோய்களைக் காண்பது போல, வல்ல மெக்கானிக் பெடலில் பல செய்திகளைப் படிப்பார். அவர் முதலில் கேட்கும் கேள்வி, வண்டி குளிர்ந்திருக்கும்போதே தளர்ச்சி உண்டா, சூடேறிய பின்தானா என்பது. காலையில் கொட்டகையை விட்டு வெளியே வரும்போதே பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் திரவம் எங்கோ வழிவிடுகிறது. வெளியே ஒழுகினால் தரையில் ஈரம் தெரியும். ஒழுகாமலே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, திரவம் முன்னிருந்து பின்னே நழுவுகிறது என்று பொருள். பெடல் அதிக தூரம் போகிறது, ஆனால் விரைந்து இரண்டு முறை மிதித்தால் உயர்ந்து விடுகிறது என்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது, சரிசெய்தால் போதும். பெடல் கல்போல் உறுதியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் குற்றம் திரவத்தில் இல்லை. லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது அது சூட்டில் கண்ணாடிபோல் மெருகேறியிருக்கும். வண்டி ஒருபக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் மட்டும் வேலை செய்யவில்லை என்று அறியலாம்.

எக்ஸ்கே120 ஓட்டியவர்கள் சொன்னது இவற்றில் எதுவும் அன்று. குளிரில் நலம், சூட்டில் வாட்டம், ஆறினால் மீண்டும் நலம். இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, லைனிங்கின் நார்களைப் பிணைத்திருக்கும் பிசின் கடுஞ்சூட்டில் சிதைந்து ஆவியை வெளிவிடுகிறது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே அந்த ஆவி ஒரு மெல்லிய படலமாக நிற்க, உராய்வு குறைகிறது. அடுத்ததாக, இரும்பு டிரம் சூட்டில் விரிகிறது. 12 அங்குல டிரம்மின் சூடு 300 பாகை உயர்ந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கூடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடலாகாது. டிரம் ஷூவைவிட்டு விலகி ஓடுகிறது. ஷூ அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். நெம்புகோல் கணக்கின்படி அது பெடலில் பல மடங்கு தூரமாகத் தெரியும். பெடல் கீழே இறங்கியதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது செயல் நுட்பமானது. டிரம்முக்கே உரிய பெருமையிலிருந்து பிறந்த சிறுமை. டிரம் சுழலும் திசையிலேயே அழுத்தப்படும் ஷூவை அந்தச் சுழற்சியே மேலும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாசற்படியில் சிக்கிய கால்மிதியைக் கதவு மேலும் மேலும் இறுக்குவது போன்றது அது. எக்ஸ்கே120இன் முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களும் இவ்வாறே அமைக்கப்பட்டிருந்தன. குறைந்த பலத்தில் மிதித்தாலும் மிகுந்த பிடிப்புக் கிடைத்தது. ஆனால் இழுத்துக்கொள்ளும் இந்தத் திறன் உராய்வையே முதலாகக் கொண்டு வளர்வது. முதல் சிறிது குறைந்தால் வட்டியும் சேர்ந்து சரியும். உராய்வு கால்பங்கு குறைந்தால் பிடிப்பு அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். நல்ல நாளில் துணை நின்றது கெட்ட நாளில் எதிரியாவது இப்படித்தான். இந்த வண்டியை மேட்டில் நிறுத்திப் பின்னோக்கி உருளவிட்டால் சுழற்சி எதிர்த்திசையாகும். ஷூக்களை இழுத்துக்கொள்ளாமல் தள்ளிவிடும். முன்பிரேக் வலுவிழந்தது போல் தோன்றும். பழுது என்று எண்ணிக் கழற்றிப் பார்ப்பவர் அங்கே ஒன்றையும் காணமாட்டார். அது அமைப்பின் இயல்பு.

இவ்வளவும் சூட்டின் விளைவே எனின், சூடு ஏன் போகவில்லை? டிரம் ஒரு மூடிய பாத்திரம். உள்ளே பிறந்த வெப்பம் இரும்புச் சுவரைக் கடந்துதான் வெளியேற வேண்டும். எக்ஸ்கே120இல் அழகுக்காகப் பின்சக்கரங்களையும் தகட்டால் மூடியிருந்தார்கள். சக்கரங்களோ காற்றுப் புகாத எஃகுத் தட்டுகள். பின்னர் கம்பிக்கால் சக்கரம் பூட்டி, பின்மூடிகளை நீக்கியபோது சிறிது குணம் தெரிந்தது. அந்தச் சிறு மாற்றத்தில் விடை முழுவதும் அடங்கியிருந்தது. ஆயினும் பொறியாளர்கள் பல ஆண்டுகள் டிரம்மையே செப்பனிட முயன்றார்கள். விட்டத்தைப் பெரிதாக்கினர், அகலமாக்கினர், வெளியே செதில் செதிலாக விளிம்பு வைத்தனர், அலுமினியத்தை இரும்போடு வார்த்துப் பிணைத்தனர். ஒவ்வொன்றும் வாட்டத்தைத் தள்ளிப் போட்டது, எதுவும் தீர்க்கவில்லை.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று வற்புறுத்துவது வெறும் சம்பிரதாயம் என்று எண்ணும் வெளியூர் ஓட்டுநர்களைக் கண்டிருக்கிறேன். இறங்கும் வண்டியின் வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளாவிட்டால் முழுப் பங்கும் பிரேக்கின் தலையில் விழும். 1948இல் ஆல்ப்ஸ் மலையில் நடந்ததும் இன்று நீலகிரியில் நடப்பதும் ஒரே பௌதிகம்.

டிஸ்க் பிரேக்கை மீண்டும் எடுத்தவர்களுள் அமெரிக்கர் முந்தியவர்கள். 1949இல் கிராஸ்லி என்னும் சிறிய கார்க் கம்பெனியார் அதைப் பூட்டி விற்றார்கள். அவர்களுடைய ஹாட்ஷாட் என்ற சிறு ஸ்போர்ட்ஸ் காரிலும் அது இருந்தது. பனிக்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் தூவும் உப்பு, அலுமினியத்தாலான இடுக்கியை அரித்து இறுகச் செய்துவிட்டது. சில மாதங்களில் பிரேக் செயலிழந்தது. கம்பெனியார் டிரம்முக்கே திரும்பினர். டிஸ்க் உதவாது என்று அப்போது பலர் தீர்ப்பளித்திருப்பார்கள். உண்மையில் பழுது டிஸ்க்கில் இல்லை. அதைப் பிடித்த உலோகத்தில் இருந்தது.

இங்கிலாந்தில் டன்லப் கம்பெனியார் ஆகாயவிமானத்தின் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்து பழகியிருந்தனர். ஜாகுவாரும் டன்லப்பும் சேர்ந்து அதைப் பந்தய வண்டிக்குப் பொருத்த முனைந்தார்கள். இந்த ஆராய்ச்சியில் வண்டியை நாள்தோறும் ஓட்டிச் சோதித்தவர் நார்மன் டூயிஸ் என்னும் சோதனை ஓட்டுநர். 1952 மே மாதத்தில் இத்தாலியின் ஆயிரம் மைல் சாலைப்பந்தயமாகிய மில்லே மில்யாவில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, டூயிஸ் அருகில் அமர்ந்து, டிஸ்க் பூட்டிய சி வகை ஜாகுவாரில் சென்றார்கள். பந்தயத்தை முடிக்க இயலவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூன் 29ஆம் நாள் பிரான்ஸின் ரைம்ஸ் நகரில் மாஸ் வென்றார். டிஸ்க் பூட்டிய சி வகை ஜாகுவாருக்கு அது முதல் வெற்றி.

டிஸ்க்கும் தன் நோய்களோடுதான் பிறந்தது. அது தன் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். சூட்டில் விரியும்போது இடுக்கியை நோக்கி விரியுமே தவிர விலகி ஓடாது. ஆனால் இடுக்கி மிக அருகில் இருப்பதால் அதனுள்ளிருக்கும் திரவமே கொதித்துவிடக்கூடும். கொதித்த திரவம் ஆவி; ஆவி அமுங்கும்; பெடல் தரையைத் தொடும். கரடுமுரடான சாலையில் சக்கரத்தின் அச்சு சிறிது அசைந்தாலும் தட்டு ஆடி, உராய்வுக் கட்டைகளை அப்பால் தள்ளிவிடும்; அடுத்த மிதி வீணாகும். வளைவு வருமுன் பெடலை ஒருமுறை இலேசாகத் தட்டிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அக்காலப் பந்தய ஓட்டுநரிடம் ஏற்பட்டது இதனால்தான். டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் இயல்பும் கிடையாது. ஆகவே மிதிக்க மிகுந்த பலம் வேண்டும். அதற்குத் துணையாக ஓர் எக்கியோ வேறு உதவிக் கருவியோ சேர்க்க வேண்டியிருந்தது.

1953 ஜூனில் லெ மான் நகரின் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் வந்தது. ஒரு சுற்று ஏறத்தாழ 13.5 கிலோமீட்டர். அதில் முல்சான் என்னும் நேர்சாலை மட்டும் சுமார் 6 கிலோமீட்டர். அதன் முடிவில் கூர்மையான வளைவு. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டுநர் உச்ச வேகத்திலிருந்து மிகக் குறைந்த வேகத்துக்கு இறங்கியே ஆகவேண்டும். டிரம் பூட்டிய வண்டிகள் பந்தயம் முழுவதும் பிரேக்கைச் சேமித்துச் சேமித்துச் செலவிட வேண்டும். டிஸ்க் பூட்டிய ஜாகுவார்களுக்கு அந்தச் சிக்கனம் தேவைப்படவில்லை. வளைவுக்கு மிக அருகில் வந்தபின் மிதித்தால் போதும். டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் மாறி மாறி ஓட்டிய வண்டி 304 சுற்றுகள், அஃதாவது 4,088 கிலோமீட்டர் ஓடி வென்றது. சராசரி வேகம் மணிக்கு 105.85 மைல். அந்தப் பந்தயத்தில் சராசரி நூறு மைலைக் கடந்தது அதுவே முதன்முறை. நிற்கத் தெரிந்த வண்டியே அதிக தூரம் ஓடிற்று என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அதே இடத்தின் மற்றொரு நாளையும் மறைப்பதற்கில்லை. 1955 ஜூன் 11ஆம் நாள் மாலை. மைக் ஹாத்தார்ன் ஓட்டிய டி வகை ஜாகுவார், பழுதுபார்க்கும் கொட்டகைக்குத் திரும்புவதற்காகப் பிரேக் பிடித்தது. பின்னால் வந்த லான்ஸ் மாக்லின் தம் ஆஸ்டின்-ஹீலியை இடப்புறம் விலக்கினார். அவருக்குப் பின்னே பெருவேகத்தில் வந்த பியேர் லெவெயின் மெர்சிடிஸ் அதில் மோதி எழும்பி, பார்வையாளர் கூட்டத்தில் விழுந்து சிதறிற்று. லெவெயும் எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். அந்த மெர்சிடிஸ் வண்டிகளில் டிரம் பிரேக்குகளே இருந்தன. அவை போதா என்று கருதி, ஓட்டுநரின் பின்னே காற்றைத் தடுக்கும் பெரிய பலகை ஒன்றை எழுப்பி இறக்கும்படி அமைத்திருந்தார்கள். டிஸ்க் பூட்டிய ஜாகுவார் திடீரென நின்றதும் மற்றவர்களால் நிற்க முடியாததுமே விபத்துக்குக் காரணம் என்று சிலர் எழுதிவிட்டார்கள். மாணவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். மாக்லின் ஓட்டிய 100எஸ் இனமும் டிஸ்க் பிரேக் கொண்டதே. விசாரணை நடத்தியவர்கள் எந்த ஓட்டுநரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. சாலையின் குறுகலும், கொட்டகைகளுக்கென ஒதுங்கும் வழி தனியே இல்லாததும், மிக மெதுவான வண்டிகளின் காலத்தில் அமைந்த ஏற்பாடுகளும் அதில் பங்கு கொண்டன. பிரேக்கின் வேற்றுமை அதில் எவ்வளவு என்று ஒரே வரியில் சொல்வது சரித்திரமாகாது.

பந்தயத்தில் தேறியது விரைவில் தெருவுக்கு வந்தது. 1955இல் சித்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களிலும், 1956இல் டிரையம்ப் டிஆர்3 ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்களிலும் டிஸ்க் தோன்றிற்று. எக்ஸ்கே120இன் பேரன் எனத்தகும் எக்ஸ்கே150, 1957இல் நான்கு சக்கரங்களிலும் டிஸ்க்குடன் வந்தது. இன்று உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளிலும் அந்தத் தட்டைக் காணலாம்.

எழுபது ஆண்டு வயதான இந்த வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் எதிர்ப்படும் தளர்ச்சி 1948இன் வாட்டமாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. முதுமையின் நோய்கள் வேறு. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்யும். திரவத்தின் கொதிநிலையையும் தாழ்த்திவிடும். பழைய ரப்பர்க் குழாய் வெளியே புதிதுபோல் தோன்றி, உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். இக்காலத்துக் கடினமான லைனிங்கைப் பழைய வண்டியில் பூட்டினால், சூடேறும் வரை அது பிடிக்காது. வாட்டத்துக்கு நேர் எதிரான குறை அது. எக்ஸ்கே150 போல எஞ்சினின் உறிஞ்சுவிசையால் மிதிக்கு உதவும் கருவியுள்ள வண்டியில் பெடல் கல்லாக இருந்தால் சோதனை எளிது. எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து, பிறகு மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெடல் சிறிது இறங்கினால் கருவி உயிரோடிருக்கிறது. இறங்காவிட்டால் அங்கேதான் பழுது.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருக்கும். பழைய மெக்கானிக்குகள் அதை வாயால் ஊதுவார்கள். அல்லது காற்றுக்குழாயைப் பிடிப்பார்கள். ஃபிரூட் கண்ட எரியாத கல்நாரின் தூள் அது. மூச்சில் கலந்தால் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோயாக வெளிப்படும். தொழிலாளர் பலர் மாண்டபின் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை விலக்கின. பிரிட்டன் 1999இல் முழுவதுமாகத் தடை செய்தது. ஆனால் கொட்டகையில் நெடுநாள் திறக்காமல் கிடந்த வண்டியின் டிரம்முக்குள் அந்தத் தூள் இன்னும் இருக்கக்கூடும். அதை ஊதலாகாது, உலர்ந்த தூரிகையால் தட்டவும் ஆகாது. முகமூடி அணிந்து, நீரால் நன்கு நனைத்து, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் உறையிலிட்டு மூடிய பிறகே லைனிங்கின் தடிமனை அளக்கத் தொடங்க வேண்டும்.